முட்டை தின்ற நாய்

"சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று யார் சொன்னாலும், ஒன்றுமே புரியாவிட்டாலும், "இல்லீங்க" என்று தலையாட்டுகிறவள் நான். (ஐந்தாம் வகுப்பு வாத்தியார், பாவம், எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்திருப்பார்.)

மார்பில் கட்டி என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அப்படித்தான். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "கட்டியில இருக்கிற செல்லுங்க மேல காலிங் பெல் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. உங்களுக்கு அது எக்கச்சக்கம். ஓயாம அடிச்சு, வளரு, கிளம்புன்னு உள்ளே சேதி அனுப்புது. செல்லு பெருகி வேற இடத்துக்கும் போயிடும். இந்த ஊசி அந்த பெல்லை மூடிடும். சந்தேகம் இருக்கா?"

"இல்லீங்க."

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் என் மூளை வேலை செய்துவிட்டது. பெல்லை அடிப்பது யார்? முட்டையும் பாலும்தான். என் பிள்ளையை வளர்த்ததே அவைதானே! நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்.

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கல் பட்டறை. அங்கே எலும்பும் தோலுமாக ஒரு நாய். மருமகள் ஸ்டெல்லா எனக்காக அவித்த முட்டைகளை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் தினமும் அதற்குப் போட்டேன். பாலையும்தான். எனக்கு ரசம்சோறு. நடந்தால் மூச்சு வாங்கியது. கட்டி சாகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த ஊசிக்குப் போனபோது எடை மெஷினிலிருந்து இறங்கியவள் நர்ஸ் மேலேயே சாய்ந்தேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இன்னைக்கு ஊசி போட முடியாது, ஒரு வாரம் போகணும். உடம்பு தாங்காது. தள்ளிப்போனா அது பரவ நாமளே நேரம் குடுத்த மாதிரிம்மா. சாப்பிடறதே இல்லையா?"

"தெனம் ரெண்டு முட்ட துன்றாங்க டாக்டர்!" என்றாள் கூட வந்திருந்த ஸ்டெல்லா.

நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"இன்னா அத்தே... அந்த நாயி கன்னுக்குட்டி கணக்கா ஆயிகினு கீதே, உங்க வேலைதானா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முட்டை அந்த பெல்லை அடிக்காதும்மா. நீங்க பட்டினி கிடந்தா கட்டி பட்டினி கிடக்காது. நீங்கதான் விழுவீங்க."

திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா அழுதுகொண்டு வந்தாள். அந்த ஒரு வாரம், ஒவ்வொரு இருமலுக்கும் 'பரவிவிட்டதோ' என்று நடுங்கினேன்.

பரவவில்லை. ஊசிகளும் போய்க்கொண்டிருக்கின்றன. அலுப்பாகத்தான் இருக்கிறது. டாக்டரம்மா இப்போதெல்லாம் "நாய் என்ன எடை?" என்று கேட்டுவிட்டுத்தான் என் எடையைப் பார்க்கிறார். முட்டை தொண்டையில் இறங்கும்வரை ஸ்டெல்லா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நாய் மறுபடி இளைத்துவிட்டது. தினமும் காலையில் வாசலுக்கு வந்து என் கையைப் பார்க்கிறது. அதனிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.