சவேரியாருக்கு முன்னால் மூன்று மணித்தியாலம்

கோவாவில் ஆற்றின் நடுவே நிற்கும் கசினோக் கப்பல் ஒன்றை ஒரே பின்னேரத்தில் ஓட்டாண்டியாக்கிவிட்டு வருவது என்று முடிவெடுத்தேன். அதற்கான தகுதி எனக்கு இருந்தது. குருநகர் வாசிகசாலையில் இருபத்திரண்டு வருடமாக முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிறேன். அங்கே தோற்றவர் காதில் பனையோலைக் கடுக்கன் மாட்டிக்கொண்டுதான் மிச்ச ஆட்டத்தை ஆட வேண்டும். என் காது அந்த ஓலையைக் கண்டதே இல்லை. ஒரே ஒரு முறை கண்டது. அது என் கூட்டாளி சிமியோன் அண்ணையின் பிழை.

என் மனைவி ஸ்ரெல்லாவுக்குச் சீட்டு என்ற சொல்லே ஆகாது. 'உந்தச் சீட்டை விடுங்கோ' என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறாள். அவளிடம் கசினோ என்று வாய் திறக்க முடியுமா? நல்ல காலம், கோவாக் கோயிலில் புனித சவேரியாரும் இருக்கிறார்.

"இஞ்சாரும் ஸ்ரெல்லா, சவேரியாரின்ரை உடம்பை ஒருக்கால் போய்க் கும்பிட்டிட்டு வருவமே?"

மீன் வெட்டிக்கொண்டிருந்தவளின் கத்தி நின்றது.

"ஆர், நீங்களோ? பிரசங்கம் தொடங்கக் கோயிலுக்கு வெளியிலை போய் நிக்கிற ஆள்!"

"அதுதான் மனம் உறுத்துது."

"எவ்வளவு காலமா?"

"நெடுகத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி. எனக்கும் ஒரு நேர்த்தி வைக்கிற அலுவல் கிடக்கு."

இவ்வளவு லேசாகச் சம்மதித்ததும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோசப்பட்டுவிட்டேன்.

என் வலைக் கடையின் பின்பக்கம் போய் ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஜெனிஸ்ரனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்தக் கப்பலுக்கு ஒரு டிக்கெட் போடு."

"சோடி டிக்கெட்தான் மலிவு அப்பா. சாப்பாடும் அதுக்குள்ளை."

"எதெண்டாலும் போடு. அம்மாவுக்கு மூச்சு விடாதை."

"ஓம் அப்பா."

என் பிள்ளையெல்லோ என்று பெருமைப்பட்டேன்.

பலாலியில் விமானம் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து கோவா போய்ச் சேர்ந்தோம். கடற்கரைப் பக்கம் அறை. உலகமெல்லாம் இருந்து வந்தவர்கள் அந்த மணலில் விழுந்து கிடந்தார்கள். ஸ்ரெல்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"எங்கடை வீட்டுக்குப் பின்னாலை கிடக்கிறதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

சாப்பாட்டுக் கடையில் நண்டுக்காலை மணந்து பார்த்து, "இது பிடிச்சு மூண்டு நாள்" என்றாள். பரிமாறியவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த நாள் காலை இருவருமாகப் போய்ச் சவேரியாரைக் கும்பிட்டோம். மத்தியானம் நான் பூசைக்குப் போடும் சேட்டை மறுபடியும் மாட்டினேன்.

"நான் திரும்பவும் ஒருக்கால் கோயிலுக்குப் போறன். தனிய இருந்து செபிக்கவேணும். மூண்டு மணித்தியாலம் செல்லும்."

"அவ்வளவு நேரமோ?"

"பாவம் கூட."

"அது தெரியும். போட்டு வாங்கோ. நான் இப்பிடிக் கடற்கரையிலை இருக்கிறன்."

படகுத்துறையில் டிக்கெட் பார்த்த பெண், சோடியில் மற்றவர் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வரமாட்டா என்று கையை விரித்தேன். பரவாயில்லை, அந்த டிக்கெட் இன்று முழுக்கச் செல்லும் என்றாள். கேட்காத விசயத்தை ஏன் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

கப்பலுக்குள் அரை மணித்தியாலம் சுற்றினேன். ஒரு மேசையிலாவது முந்நூற்றிநாலு இல்லை. என்ன நாகரிகம்! கடைசியில், சீட்டுகளைக் கூட்டி இருபத்தொன்றுக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்டத்தில் குந்தினேன். கூட்டாளி இல்லை, துரும்புச் சீட்டு இல்லை. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு.

முதல் கையே ஜாக்கும் ஒன்பதும். முந்நூற்றிநாலில் இவை இரண்டும்தான் பெரிய சீட்டு. ராசாவும் ராணியும் இவற்றுக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். இங்கேயும் பத்தொன்பது, நல்ல கைதான். வாசிகசாலையில் நல்ல கை வந்தால் மேசையில் ஓங்கிக் குத்துவோம். குத்தினேன்.

சீட்டுப் போட்ட பெண் உடனே இன்னொரு சீட்டை வைத்தாள். ஐந்து. இருபத்துநாலு. என் காசை வழித்தெடுத்துவிட்டாள்.

"நான் கேக்கேல்லையே பிள்ளை!"

அவள் விரலால் மேசையைத் தட்டிக் காட்டினாள். அங்கே மேசையைத் தட்டினால் 'இன்னொன்று போடு' என்று அர்த்தமாம். சரி, விளங்கிவிட்டது. அடுத்த கை பத்தும் ராசாவும். இருபது! எனக்கு விளங்கியது என் கைக்கு விளங்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். குத்தினேன்.

அதன்பிறகு கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்துகொண்டேன். அதோடு நல்ல சீட்டும் நின்றுவிட்டது. கொண்டுபோன காசு முடிந்த பிறகுதான் கையை வெளியே எடுத்தேன். மேல்தட்டிலிருந்து நண்டுக்கறி மணம் இறங்கி வந்தது. ஏறிப் போய்ச் சாப்பிட மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது ஸ்ரெல்லா கடற்கரைக் கதிரையில் சாய்ந்து பல்லுக் குத்திக்கொண்டிருந்தாள்.

"செபிச்சியளோ?"

"ஓம்."

"முழந்தாளிலையோ?"

"பின்னை? முழங்கால் ரெண்டும் போச்சு."

"மூண்டு மணித்தியாலமும்?"

"எழும்பவே இல்லை."

அவள் சிலுவை அடையாளம் போட்டாள்.

"சவேரியார் கேட்டிட்டார். நீங்கள் வெளிக்கிட்ட கையோடை நேர்ந்தனான். இந்த மனுசன் மூண்டு மணித்தியாலமும் உமக்கு முன்னாலை முழந்தாளிலை நிண்டால், இண்டையோடை சீட்டை விட்டிடுவார் எண்டு."

"ஆரைக் கேட்டு நேர்ந்தனீர்?"

"ஏன், நீங்கள் நிக்கேல்லையோ?"

வாயைத் திறந்தேன். இல்லை என்றால் எங்கே போனீர்கள் என்ற கேள்வி வரும். ஓம் என்றால் சீட்டுப் போய்விடும்.

"நிண்டனான்" என்றேன்.

குருநகருக்கு வந்த முதல் ஞாயிறு, நான் சீட்டை விட்டதைப் பிரசங்கத்தில் சுவாமி என் பெயரைச் சொல்லி மெச்சினார். அன்றைக்குப் பார்த்து நான் உள்ளே இருந்தேன். சனம் கைதட்டியது. பூசை முடிய வாசிகசாலைக்குப் போய் என் சீட்டுக்கட்டைச் சிமியோன் அண்ணையிடம் கொடுத்தேன். செத்த வீட்டில் நிற்பதுபோல நின்றார் மனிசன். எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்கவில்லை.

வீட்டில் நண்டுக் குழம்பு. ஸ்ரெல்லா பக்கத்தில் இருந்து பரிமாறினாள்.

"உந்தக் கப்பல்லை நண்டுக்கு உப்பே போடேல்லை" என்றாள்.

"எந்தக் கப்பல்?"

"சோடி டிக்கெட்டெல்லோ. ஜெனிஸ்ரன் எனக்கும் அனுப்பினவன்."

அவன் எனக்கு மட்டும் பிள்ளை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையில் இருந்த நண்டுக்காலைச் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். அவள் இன்னொரு அகப்பை குழம்பு விட்டாள்.

"நீங்கள் கீழை குத்தின குத்துக்கு, மேல்தட்டிலை என்ரை கோப்பை ரெண்டு தரம் ஆடினதப்பா."