நான்காவது கடிகாரம்

மூன்றாவது கடிகாரமும் உதிரி உதிரியாய்த் தட்டில் கிடந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார்.

கணவருக்கு நடுக்குவாதம். மூளையில் வற்றிப்போன டோபமினை ஈடுகட்ட நான்கு மணிக்கொரு மாத்திரை. வேளை தவறாமல் உள்ளே போனால் தென்றலாய் நடப்பார். அரைமணி பிந்தினால் வாசற்படியிலேயே கற்சிலையாய் நிற்பார். அதற்காகத்தான் வீட்டில் அலறும் கடிகாரங்கள்.

"என்னங்க, இதையும் கழட்டிட்டீங்களா?"

"பார்த்தா தெரியலையா, டீச்சர்?"

"எதுக்குங்க?"

"மனசு கேக்கல."

அம்மையாருக்குச் சுரீரென்றது. கணவர் அத்துடன் சேர்த்து விழுங்கிவந்த, டோபமினைப்போல் நடித்து மூளையை ஏய்க்கும் இரண்டாவது மாத்திரை, சிலருக்கு அடங்கா வேட்கையைக் கிளப்பும் என்று மருந்துக் காகிதத்தில் படித்திருந்தார். மறுநாளே மருத்துவரிடம் இழுத்துப்போனார்.

"மூணு கடிகாரம், டாக்டர்! உங்க மாத்திரை இவரை மெக்கானிக்கா மாத்திடுச்சு."

"சிலருக்கு அப்படி வரும். என்ன சார், அடக்கமுடியாத ஆசையா?"

கணவர் தவமுனிவரைப்போல் கண்மூடி, "அடக்கவே முடியல" என்று திருவாய் மலர்ந்தருளினார்.

இரண்டாவது மாத்திரை பாதியானது. வந்தது வினை. ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் நடுவே அவர் நாற்காலியோடு நாற்காலியாய் இறுகிப்போனார். மாலை உலா நின்றது. மருத்துவர் முதல் மாத்திரையை மூன்று மணிக்கொன்றாக நெருக்கினார். அம்மையார் நான்காவது கடிகாரம் வாங்கினார். அது முன்னவற்றைவிட உரக்க ஊளையிட்டது. ஆயினும் வாரம் முழுதும் ஒரு திருகாணியும் குறையாமல் சுவரில் வீற்றிருந்தது.

"பார்த்தீங்களா? ஆசை அடங்கிடுச்சு!"

"காலும்தான் அடங்கிடுச்சு" என்று முனகினார் கணவர்.

கடிகாரம் பிழைத்தது, நடை போனது. இரண்டில் எதைக் காப்பது? ஒன்றும் விளங்காமல், அம்மையார் பழைய மூன்றின் உதிரிகளையாவது சேர்க்கலாமென்று அவற்றைப் பையிலிட்டுத் தெருக்கோடிக் கடிகாரக் கடைக்குப் போனார்.

"வீட்டுக்காரர் கழட்டிப் போட்டுட்டார். கொஞ்சம் மாட்டிக் குடுங்களேன்."

கடைக்காரர் பைக்குள் எட்டிப்பார்த்தார்.

"நடுங்கற அந்தக் கையால ஸ்க்ரூ திருப்ப முடியுமாம்மா? சாயங்காலமானா விறுவிறுன்னு நடந்து வந்து, 'இது இனிமே கத்தவே கூடாது, அக்குவேறு ஆணிவேறா பிரிச்சிடு'ன்னு அவர் சொல்வார்; கழட்டினது நான்."