ஈரக் கம்பளியின் இசை

அறிவின் உச்சநிலை புத்தகம் படிப்பது அல்ல. புத்தகமே தேவைப்படாத நிலை. எழுத்துக்கூட்டிப் படிப்பது குழந்தையின் வேலை. பக்கம் புரட்டிப் படிப்பது பள்ளிக்கூடத்துப் பையனின் வேலை. எதையும் திறக்காமலே கண்ணை மூடிக்கொண்டு "ஆழமான நூல்" என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. இந்தக் கதை நடந்த பல்கலைக்கழகம் அந்த உச்சியில் ஏறி உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்பேர்ப்பட்ட புண்ணிய பூமியில், மாவு மில்காரர் மகன் ஒரு மவுத் ஆர்கனோடும் ஒரு மூட்டைப் புத்தகத்தோடும் வந்து இறங்கினான். மூட்டையில் பாதி ஏற்கெனவே படித்தவை; மீதி, பிடித்துப்போனதால் மறுபடி படிக்கக் கொண்டுவந்தவை. பையன் எவ்வளவு பின்தங்கியவன் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. விடுதியில் முதல் நாளே அவனுக்கு 'ஆர்வம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பஸ் ஏற்றிவிட வந்த அப்பா, தலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"பாட்டு கேளு, கதை படி, என்ன வேணா பண்ணு. ஒரு பேப்பர்ல போச்சுன்னு என் காதுல விழுந்துது, நேரா மில்லுக்கு வந்துடணும். பெல்ட் மாட்ட எனக்கும் ஆள் இல்ல."

மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே காதில் விழாது. மவுத் ஆர்கன் எங்கே விழப்போகிறது? ஆர்வம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வகுப்புக்குப் போய்வந்தான்.

வளாகத்தின் இதயம் வகுப்பறையில் இல்லை; கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. அங்கே எதிரெதிராகக் கிடந்த இரண்டு சிமெண்ட் பெஞ்சுகளில் 'இசை இலக்கிய வட்டம்' கூடும். இரண்டு நேர்கோடுகள் எப்படி வட்டமாகும் என்று கேட்பவன் கணிதத் துறைக்குப் போகலாம். வட்டத்தின் தலைவர் 'தாடி' அண்ணன். கடைசி வருடப் படிப்பை அவசரமில்லாமல், ருசித்து, மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி படிச்சிருக்க?"

ஆர்வம் தனக்குப் பிடித்த நாவல்களை எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். தாடி டீயை உறிஞ்சினார்.

"எல்லாம் கடையில கிடைக்கிற புத்தகம். கிடைக்கிறதைப் படிக்கிறவன் வாசகன் இல்ல தம்பி, வாடிக்கையாளன்."

"மவுத் ஆர்கன் வாசிப்பேன்ணே."

"கேக்குறவனுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்கும்ணே."

"அப்ப அது கலை இல்ல."

வட்டத்தின் செயலாளர் அக்கா, கால் ஒடிந்த பூனையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். ஆர்வம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். எதிரே விடுதி மாடியில் யாரோ துவைத்துப் போட்ட கம்பளி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்து விழுந்தது.

"அப்புறம்... 'ஈரக் கம்பளியின் இசை' படிச்சேன்."

யார் எழுதியது, எங்கே கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் 'தெரியாது' என்று ஆகிவிடும். வட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் அங்கே உச்சரிக்கப்பட்டதே இல்லை.

தாடி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அதை இந்த வயசுல படிச்சிருக்கக் கூடாது தம்பி. நானே ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவைதான் கம்பளி பிடிபட்டுது."

"எனக்கு அந்த முடிவுதான் தாங்கல," என்றாள் அக்கா. "ஒரு வாரம் சோறு இறங்கல."

"முடிவைச் சொல்லிடாத, படிக்காதவங்க இருப்பாங்க," என்றான் இன்னொருவன். படிக்காதவர்கள் யார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி யாரும் இல்லை.

"இப்படி வந்து உக்காரு தம்பி," என்றார் தாடி.

பிறகு நடந்தவை வளாக வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கவை. சுவரெல்லாம் கம்பளிச் சுவரொட்டி. சட்டையெல்லாம் கம்பளி வாசகம். நூலகத்தில் கேட்டால் நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எல்லாப் பிரதியும் வெளிய போயிருக்கு," என்றார். 'இல்லை' என்பது நூலகத்துக்கு இழுக்கு அல்லவா?

ஆண்டு விழா மேடையில் நனைத்த கம்பளி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழே பக்கெட், அதன் பக்கத்தில் மைக் வைத்தார்கள். சொட்டு விழும் ஓசையில் சபையே உருகியது. கம்பளி காய்ந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"அண்ணே, கடைசியா நான் ஒரு பாட்டு வாசிக்கட்டுமா?" என்று ஆர்வம் மவுத் ஆர்கனை எடுத்தான்.

"இசை நடக்குற இடத்துல சத்தம் போடாத தம்பி."

மனசு உறுத்தவே, ஒருநாள் அவன் செயலாளர் அக்காவைத் தனியே பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டான். "அக்கா, அப்படி ஒரு புத்தகமே இல்லக்கா."

அக்கா கண் கலங்கினாள். "கரெக்ட்டா பிடிச்சிட்ட. அந்த 'இல்லை'தான்டா அந்தப் புத்தகமே."

இந்த நிலையில் துறைப் பேராசிரியர் வகுப்பில் தொண்டையைச் செருமி, தாம் மாணவராக இருந்தபோதே அந்த நூலைக் கரைத்துக் குடித்ததாக அறிவித்தார். அடுத்த வாரமே அது எல்லா வருடத்துக்கும் பொதுவாகப் பாடத்திட்டத்தில் ஏறியது. ஆர்வத்துக்கு மெல்ல நிம்மதி வந்தது. அவனுக்குத் தெரியாத எதை அந்தப் புத்தகத்தில் கேட்டுவிட முடியும்?

தேர்வுத்தாளில் கட்டாயக் கேள்வி இப்படி இருந்தது: "மூன்றாம் அத்தியாயத்தில் வரும் திருப்பம் நியாயமானதா? விவரிக்க."

சுற்றிலும் பேனாக்கள் பறந்தன. தாடி கூடுதல் தாள் கேட்டு வாங்கினார். ஆர்வம் கண்ணை மூடினால் மில் பெல்ட் தெரிந்தது. ஆனாலும் தான் பெற்ற பிள்ளையைப் பற்றித் தானே பொய்ச்சாட்சி சொல்ல அவனுக்குக் கை வரவில்லை. "இந்நூலில் மூன்றாம் அத்தியாயம் இல்லை. முதல் அத்தியாயமும் இல்லை. கேன்டீனுக்குப் பின்னால் நான் சும்மா சொன்னது," என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

தாடி முதல் வகுப்பில் தேறினார். ஆர்வத்துக்கு அந்த ஒரு தாளில் முட்டை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'நூலைப் படிக்கவில்லை.'

பேராசிரியர் அறைக்கு ஓடினான்.

"சார், அப்படி ஒரு புத்தகமே கிடையாது சார்."

"படிக்காதவன் எல்லாம் இதைத்தான் சொல்றான்."

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?"

"வாத்தியார் நீயா நானா? புத்தகத்தைப் படிச்சிட்டு வந்து மறுதேர்வு எழுது."

அப்பா மறுதேர்வு வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். விடுமுறை முழுவதும் ஆர்வம் மில்லில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். இல்லாத புத்தகத்தைப் படிக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு, அதைச் செய்தான். உட்கார்ந்து எழுதினான். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு திருப்பம் வைத்தான், நியாயமானதாகவே வைத்தான். பக்கங்களுக்கு நடுவே படிந்த மாவை ஊதி ஊதி, பிழை திருத்தி, கொண்டுபோய்ப் பேராசிரியர் மேஜையில் வைத்தான்.

பேராசிரியர் அதைத் திறக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தார். "மூலம் இன்னும் கனமா இருக்கும்," என்றார்.

உடனே விசாரணைக் குழு கூடியது. ஈரக் கம்பளியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாடி, 'வல்லுநர்' என்ற முறையில் அழைக்கப்பட்டிருந்தார். அவர் அட்டையை மோந்து பார்த்தார்.

"போலி. மூலத்துல ஈர வாடை வரும். இதுல மாவு வாடை வருது."

"இதை நீ படிச்சிருக்கியா?" என்று பேராசிரியர் ஆர்வத்தைக் கேட்டார்.

"எழுதினதே நான்தான் சார். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் ரெண்டு தடவை படிச்சேன்."

குழு உறுப்பினர்கள் அதிர்ந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒப்புக்கிட்டான், எழுதிக்குங்க," என்றார் பேராசிரியர்.

நீக்க உத்தரவோடு ஆர்வம் மில் வாசலில் வந்து நின்றான். அப்பா மில்லை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அதை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

"'மேற்படி மாணவர் நூல் ஒன்றை முழுமையாகப் படித்திருப்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. இவ்வளாகத்தில் இத்தகைய சம்பவம் இதற்கு முன் நடந்ததில்லை என்பதால், மற்ற மாணவர்களின் நலன் கருதி...'"

அப்பா உத்தரவை மடித்து மாவு மூட்டை மேல் வைத்தார். பிறகு பெல்ட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"ஏன்டா, படிக்கணும்னா வீட்டுலயே படிச்சிருக்கலாம்ல. அங்க போய் ஏன்டா அந்த வேலையைப் பண்ணுன?"