பாதிப்பூசை மேஸ்திரி

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் தேடினாலும், ஒரு பூசையைக்கூட முழுசாகப் பார்க்காத பக்திமான் எங்கள் உப்பள மேஸ்திரி ஒருவர்தான். 'பாதிப்பூசை' என்றால்தான் ஊரில் தெரியும்.

மகா கோபக்காரர். உப்பு வாருகிறவர்களை ஆறு நாளும் வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது திட்டியதெல்லாம் ஞாபகம் வரும். "மனஸ்தாபத்தோட பீடத்துக்கிட்ட போவக்கூடாதுப்பா" என்று மொபெட்டை உதைத்துக் கிளம்பிவிடுவார். எங்கேதான் போகிறார் என்று ஆவல் தாங்காமல் ஒருநாள் பின்னாலேயே போனேன். உப்பு வாரும் கன்னியம்மா வீட்டு வாசலில் நின்றார்.

"நேத்து உன்னை எருமைன்னுட்டேன்மா. மன்னிச்சுடு."

"முந்தாநாள் கழுதைன்னியே மேஸ்திரி, அது?"

"அதுக்கும் சேர்த்துதான்."

"சரி போய்யா, மீன் கருகுது!"

போன வருஷம் அவர் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். கோயில் நிறைய சனம், மேலே ட்ரோன். மகளைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏழுமலை வந்துக்கிறானா?"

எப்படி வருவான்? உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் காணோம் என்றதும், எங்களோடு வேலை பார்த்த அவனைத்தான் எல்லோர் எதிரிலும் திருடன் என்றார். மறுநாள் திண்டிவனத்தில் ரிப்பேர் முடிந்து எஞ்சின் வந்து இறங்கியது. முதலாளியே அனுப்பியிருக்கிறார். ஏழுமலை வேலையை விட்டுவிட்டான். மேஸ்திரி மூன்று ஞாயிறு மன்னிப்புக் கேட்கப் போயும் அவன் கதவைத் திறக்கவில்லை.

"இரு கண்ணு, தோ வந்துட்டேன்."

மொபெட் போய்விட்டது. ஸ்டெல்லா அழுத அழுகையில் கண் மையெல்லாம் கலைந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஃபாதரிடமே போய், "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் ஃபாதர். இல்லேன்னா நாங்க கிளம்பறோம்" என்றார்.

ஒன்பதாவது நிமிஷம் மொபெட் வந்தது. பின்னால் ஏழுமலை, கட்டிய லுங்கியோடு.

"பொண்ணு கல்யாணத்த உட்டுட்டு வந்து நிக்கிறாரு. நான் இன்னாதான் பண்றது?" என்றான்.

மேஸ்திரி படியேறி நின்று கத்தினார்: "எல்லாரும் கேட்டுக்குங்க! இவன் திருடன் இல்ல. தப்பு என்னுது!"

பிறகுதான் மகளின் கையைப் பிடித்தார்.

எஞ்சின் கொட்டகைப் பக்கம் ஏழுமலையைப் பார்த்ததாக அவரிடம் வாய் கூசாமல் அளந்துவிட்டவன் நான். அத்தனை பேர் எதிரில் என் பெயரை அவர் சொல்லவே இல்லை. பந்தியில் ஏழுமலை பக்கத்தில் போய் உட்கார்ந்து நானே உண்மையைச் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நானும் இலையில் கை வைக்கவில்லை. பிரியாணி வாளியோடு வந்த மேஸ்திரி, எங்கள் இரண்டு இலையிலும் ஒவ்வொரு துண்டு வைத்துவிட்டு, "துன்னுங்கடா" என்று மட்டும் சொன்னார்.

எருமை, கழுதை என்று என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும். அந்த மனுஷன் நூறு வயசு இருக்க வேண்டும்.