நாலு பேராய்த் துவக்குப் பார்க்கப் போனோம்

எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகக்கூடாது. இதை நான் ரொறொன்ரோவுக்கு வந்த முதல் வருடமே விளங்கியிருக்க வேண்டும். இந்த நாட்டில் நான் தனியாகப் போய் வாங்கிய ஒரே பொருள் ஒரு பல் தூரிகை. அதைக்கூட என் மனைவி சுகந்தி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன கல்லு மாதிரி, கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினாள். வீடு, கார், மெத்தை, அரிசி போடும் வாளி, எல்லாம் கூட்டம் கூடித்தான் வாங்கினோம். அப்படிப் பட்டும் திருந்தாமல், மான் வேட்டைக்குத் துவக்கு வாங்கவும் கூட்டமாகவே போனேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது? (துப்பாக்கியைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தாருக்கு அது துவக்கு.)

அப்போது நான் பிக்கரிங்கில் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பகுதிக்கு மேற்பார்வையாளர் கென். கென்னும் இன்னும் மூன்று பேரும் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே காட்டுக்குள் ஒரு மரக்குடிலுக்கு வேட்டைக்குப் போவார்கள். திரும்பி வந்து அடுத்த நவம்பர்வரை அதையே கதைப்பார்கள். சாப்பாட்டு மேசையின் மறு மூலையில் நான் இடியப்பத்தை ஆட்டுக் கறியோடு பிசைந்துகொண்டு, எதற்கென்று தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். ஒரு பனிக்காலத்தில் கென் என்னிடம் வந்து, "எங்களில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், ஓர் இடம் காலியாகிறது, நீ வருகிறாயா?" என்று கேட்டார். அங்கே ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஒரு கோப்பி குடிக்கக்கூட எவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. யானை வேட்டை என்றாலும் ஓம் என்றிருப்பேன்.

கென்னுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "சொந்தத் துவக்கு வேண்டும். காட்டில் யாரும் இரவல் தரமாட்டோம்."

லைசென்ஸுக்கு வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், விண்ணப்பித்தேன். அதிகாரி ஒருவர் சுகந்திக்கு ரெலிபோன் எடுத்து, உங்கள் கணவர் கோபக்காரரா என்று விசாரித்தார். "அவர் இலையான் அடிக்கிறதுக்கே அரை மணித்தியாலம் யோசிப்பார்" என்று அவள் சொன்னாளாம். (இலையான் என்றால் ஈ.) என்னைப் பற்றி அவள் அரசாங்கத்துக்குக் கொடுத்த ஒரே நற்சாட்சி அது.

அதற்கிடையில் மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது. அந்த மாதத்தைப் பற்றி இந்தக் கட்டுரையில் நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் இருந்தவர்கள் சுகந்தி, நான், அவளுடைய அப்பா. மாமாவின் மகன், சுகந்தியின் அண்ணா ரவி, வன்னியில் அகப்பட்டு, கடைசியில் முட்கம்பி முகாமுக்குள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியவந்தது. மாமா ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போதும் அது மடியில்தான். வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. ரீவியில் பகிடி வந்தால் யாராவது எழுந்துபோய் நிறுத்திவிடுவோம்.

அந்தக் கோடையில்தான் என் லைசென்ஸ் அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். ஆனால் இலையுதிர்காலம் தொடங்கியதும் கென் கேட்டார். "என்ன, வாங்கிவிட்டாயா? இந்த மாதத்துக்குள் இல்லையென்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்."

அன்று வீட்டில் பயந்து பயந்து கதையைத் தொடங்கினேன்.

"உங்களுக்கென்ன விசரே? ஊரிலை துவக்காலை அழிஞ்சது காணாதெண்டு இஞ்சையும் ஒண்டு வேணுமோ?" என்றாள் சுகந்தி.

"இது மான் சுடுற துவக்கு."

"மான் ஆர், மனிசர் ஆரெண்டு துவக்குக்குத் தெரியுமே?"

"ஒன்பது வருசத்திலை முதல்முதலாய் ஒருத்தன் என்னைக் கூப்பிட்டிருக்கிறான்" என்று மட்டும் சொன்னேன். சுகந்தி கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவி முடித்ததும் தீர்ப்பு வந்தது. "சரி. ஆனால் மலிவாய் எடுக்கவேணும். முகாமுக்குக் காசு அனுப்பவேணும். நானும் வருவன். பவா அண்ணையையும் கூப்பிடுங்கோ."

இந்த இடத்திலாவது நான் மறுத்திருக்க வேண்டும்.

பவா அண்ணை சுகந்தியின் பெரியம்மா மகன். முறைக்கு எனக்கு மச்சான். ஆனால் ஸ்காபரோவில் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். எங்கள் சொந்தத்தில் யார் எது வாங்கினாலும் விலை பேசுவது அவர். ஒரே விலை என்று எழுதி ஒட்டியிருக்கும் கடையிலும் பேசுவார். வாங்குவது துவக்கு என்று கேட்டதும் அவர் முகத்தில் வியப்பே இல்லை. "என்ன கடை, என்ன நாள்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "சனிக்கிழமை பத்தரை தாண்டட்டும், அதுவரைக்கும் ராகு காலம். எடுத்தவுடனை கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு அர்ச்சனை செய்வம். சித்தப்பாவையும் ஏத்து, மனிசன் வீட்டுக்குள்ளையே கிடந்து உக்குது" என்றார். சித்தப்பா என்றது என் மாமாவை. (புதுக் காரின் சில்லுக்குக் கீழே வைப்பதுபோல் துவக்குக்கும் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், நசுக்குவதாக இருந்தால் எதற்குக் கீழே வைப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார்.)

கென் சொல்லிவிட்ட கடை விட்பிக்கும் அப்பால் இருந்தது. கென்னின் நீண்டநாள் சிநேகிதர்தான் கடைக்காரர். சுவரெல்லாம் மான் தலைகள். அவற்றைப் பார்த்ததும் சுகந்தி, "உதுகளை ஆர் தூசி தட்டுறது?" என்றாள். நான் மேசையடிக்குப் போய், வீட்டில் ஒத்திகை பார்த்து வந்த வசனத்தை ஒப்பித்தேன். மான் வேட்டைக்கு, போல்ட் அக்‌ஷன், புதியது, மலிவானது.

கடைக்காரர் நல்ல மனிதர். ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளவேண்டிய அந்த வகைதான் புதியவருக்குப் பாதுகாப்பு என்றார். இரண்டை எடுத்துவைத்தார். ஒன்று கறுப்புப் பிளாஸ்டிக் உடல், தொலைநோக்கி பூட்டியபடியே வரும், மலிவு. மற்றது வாதுமை மரம், விலை கூட, தொலைநோக்கி தனியாக வாங்கவேண்டும். மழைக்கும் பனிக்கும் பிளாஸ்டிக்கே நல்லது, மரம் ஊதும் என்றும் சொன்னார். எனக்கு விசயம் முடிந்துவிட்டது. கறுப்பை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

"பிளாஸ்டிக்கோ?" என்றாள் சுகந்தி. "ரெண்டு வருசத்திலை வெளிறிப் போகும். மரம் எண்டால் பார்க்க ஒரு லட்சணம்."

"இது வரவேற்பறையிலை வைக்கிறேல்லை."

"வீட்டுக்கை வாறது எதுவும் வடிவாய் இருக்கவேணும்."

மாமா தள்ளியே நின்றார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். "பாரம் என்னமாதிரி, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பவா அண்ணை கறுப்பை மேலும் கீழும் பார்த்து, எந்த நாட்டில் செய்தது, எத்தனை வருட உத்தரவாதம், போன வருடத்து மொடல் கிடக்கிறதா என்றெல்லாம் கடைக்காரரைக் குடைந்தார். கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். விலையில் மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் பவா அண்ணை தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். சேலைக் கடையில், நகைக் கடையில், கம்பளக் கடையில் அது ஒருநாளும் தவறியதில்லை. ஒன்று வாங்க வந்தவர் ஒன்றுக்கு விலை கேட்கக்கூடாது. சொந்தமெல்லாம் வாங்கக் காத்திருப்பதுபோல் காட்டி விலையை இறக்கி, கடைசியில் ஒன்றோடு வெளியே வந்துவிட வேண்டும். அவர் மேசையில் முழங்கையை ஊன்றி, கடைக்காரரின் காதருகே குனிந்து, ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்:

"பத்து எடுத்தால் என்ன விலை?"

கடைக்காரர் எங்கள் நாலு பேரையும் பார்த்தார்.

"எங்களுக்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்" என்றார் பவா அண்ணை உற்சாகமாக. "ஸ்காபரோ முழுக்க. உங்களிடம் சரிவந்தால் எல்லோரையும் இங்கேயே அனுப்புவேன். காசாகவே தருவார்கள்."

"அண்ணை, வாயை மூடுங்கோ" என்றேன் தமிழில்.

"நீ பேசாமல் நில். ஆள் இறங்கி வாறான்."

ஆள் இறங்கவில்லை, இரண்டு துவக்குகளையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு நிமிடம் என்று சொல்லிப் பின் அறைக்குள் போனார். "பாத்தியா, முதலாளியைக் கேக்கப் போறான்" என்றார் பவா அண்ணை. அவர்தான் முதலாளி என்று நான் சொல்லி முடிப்பதற்குள், (பொலிஸ் அவ்வளவு விரைவாக வந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை) இரண்டு பொலிஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் பெண்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் தொடங்கினார். என் லைசென்ஸைப் பார்த்தார். "உங்களுக்குப் பத்துத் துவக்கு எதற்கு?" என்று கேட்டார்.

"பத்து வேண்டாம். ஒன்று போதும்" என்றார் பவா அண்ணை.

"அப்படியென்றால் பத்து என்று ஏன் கேட்டீர்கள்?"

"ஒன்றின் விலையைக் குறைக்க."

"வாங்காத ஒன்பதுக்கு எப்படி விலை குறைப்பார்கள்?"

"அதுதானே பேச்சுத் திறமை" என்றார் பவா அண்ணை, பெருமையை மறைக்காமல். தரை பிளந்து என்னை விழுங்கினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். மாமா சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நின்றார். ஒரு கையில் அவருடைய ஒன்ராறியோ சுகாதார அட்டை. அவரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. ஊரில் சோதனைச்சாவடிகளில் பழகிய கை, சீருடையைக் கண்டதும் தானாகப் போய்விட்டது.

"அப்பா, கையை இறக்குங்கோ. இது கனடா" என்றாள் சுகந்தி. மாமா இறக்கவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தக் கை இறங்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்களோ, கிட்டப் போய் அட்டையை வாங்கினார், இருபக்கமும் பார்த்தார், "நன்றி ஐயா, எல்லாம் சரி" என்று திருப்பிக் கொடுத்தார். மாமாவின் கைகள் இறங்கின.

பவா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு கடைக்காரரிடம் திரும்பினார்.

"சரி, அந்த ஒன்றுக்குக் கடைசி விலை என்ன?"

கடைக்காரர் கதவைக் காட்டினார். மரியாதையாகத்தான் காட்டினார்.

காருக்குள் ஏறியதும் நான் வெடித்தேன். ஒன்பது வருடம் காத்திருந்த இடம், ஒற்றைக் கேள்வியில் போய்விட்டதே என்று கத்தினேன். பின் ஆசனத்திலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. சுகந்தி அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "வாங்காத ஒன்பது" என்றாள், அதற்குமேல் பேச முடியவில்லை. மாமாவும் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான், அதனால் கத்தவும் முடியவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்றும் இருக்கிறது.

திங்கட்கிழமை நான் தொழிற்சாலைக்குள் கால் வைக்கும் முன்பே கதை வந்து சேர்ந்திருந்தது. கென் இரண்டு கைகளையும் விரித்து, பத்து விரலையும் எனக்குக் காட்டினார். வேட்டை இடம் வண்ணப்பூச்சுப் பகுதியில் வேலை செய்யும் ஒருவருக்குப் போனது. நான் பழையபடி மேசையின் மறு மூலையில் இடியப்பம் பிசைந்தேன். ஆனால் இந்தமுறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது.

அந்த வாரமே முகாமிலிருந்து ரவி மச்சானின் அழைப்பு வந்தது. சுகந்தி அவருக்கு வேறெதையும் சொல்லவில்லை, இந்தக் கதையைத்தான் சொன்னாள். ஆனால் முகாம் ரெலிபோனில் துவக்கு என்ற சொல்லை எப்படிச் சொல்வது? யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ. அதனால், "அண்ணா, இவர் குடை வாங்கப் போனவர். பவா அண்ணை பத்துக் குடைக்கு விலை கேட்டு, பொலிஸ் வந்திட்டுது" என்றாள். மறுமுனையில் மச்சான், "கனடாவிலை குடைக்கும் பொலிஸோ?" என்று கேட்டாராம்.

சில வருடங்கள் கழித்து, பல நாடுகள் சுற்றி, மச்சான் ஒருவழியாக ரொறொன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினார். ஒரு சிறிய பையும், கொழும்பில் வாங்கிய நீளமான கறுப்புக் குடை ஒன்றும் அவரிடம் இருந்தன. குடையை என் கையில் தந்தார். "மச்சான், உங்களுக்கு உது இஞ்சை எடுக்கக் கஷ்டமெண்டு தங்கச்சி சொன்னவள்" என்றார். சுகந்தி அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள். மாமா மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், எது எதுவென்று எங்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இந்தக் குடைக் கதையைக் கேட்ட கென் அந்த நவம்பரில் என்னிடம் வந்தார். "துவக்கு வேண்டாம். உன் ஆட்டுக் கறியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வா" என்றார். போனேன். மூன்று நாளும் மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஒரு மானைக்கூடக் காணவில்லை. குடை விரிக்கும் சத்தத்தில் ஓடிவிட்டன என்று கென் சத்தியம் செய்கிறார்.

அங்கே எடுத்த படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. ஐந்து பேரும் செம்மஞ்சள் மேற்சட்டை. நாலு பேரின் தோளில் துவக்கு, தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நடுவில் நான், குடை பிடித்தபடி. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படத்தின் முன்னால் நிறுத்துவார்.

"வடிவாய்ப் பாருங்கோ. அஞ்சு பேரிலை நனையாமல் நிக்கிறது எங்கடை ஆள் மட்டும்தான்."