சுகுமாரனுக்கு எதற்குச் சாலைப் பாதுகாப்புக் கோப்பை?

ஜெலுத்தோங், பினாங்கு
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

ஜெலுத்தோங் கார் பட்டறை சந்திரசேகரன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. தண்ணீர்மலை முருகன் அருளால் தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், அச்சு இயந்திரத்தில் நிற்பவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நானும் நலமாகத்தான் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி வரை. எட்டரைக்குத் தங்கள் பத்திரிகையின் பதினோராம் பக்கத்தைத் திறந்தேன். மறுநாள் கிளினிக்கில் எனக்கு இரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் சித்தி ஹாஜரா, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு கருவி கொண்டுவந்து மாட்டினார். இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டின.

அந்தப் பக்கத்தில் 'பண்பாளர் சுகுமாரன்: ஓராண்டு நினைவு' என்று தங்கள் நிருபர் செல்வி பிரமிளா ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். போன வருடம் காலமான கார்ப் பந்தயக்காரன் சுகுமாரனைப் பற்றியது. நல்ல காரியம்தான். அவனை நினைக்க இந்த ஊரில் ஆள் இல்லை என்று நானே புலம்பியிருக்கிறேன். ஆனால் நான்காவது வரியில் 'நிதானத்தின் மறுபெயர்' என்று இருக்கிறது. ஏழாவது வரியில் 'எவரையும் முந்த வேண்டும் என்ற பதற்றம் இல்லாதவர்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே, 'தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவரைப் போலத்தான் கார் ஓட்டுவார், ஒரு சொட்டு சிந்தாது, என்கிறார் நெருங்கிய நண்பர் ஒருவர்' என்று கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். அதோடு விட்டீர்களா என்றால் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பாயான் பாரு மண்டபத்தில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில், இதுவரை ஒரு விபத்தும் செய்யாத பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவருக்குச் 'சுகுமாரன் நினைவு சாலைப் பாதுகாப்புக் கோப்பை' வழங்கப்படுமாம். இதைப் படித்ததும் கையில் இருந்த ரொட்டி சானாய் நழுவிச் சாம்பாரில் விழுந்தது.

ஐயா, இருபத்து மூன்று வருடம் சுகுமாரனின் பந்தயக் கார்களுக்கு மெக்கானிக் நான்தான். வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பான். ஏழாவது நாள் பத்து தீகா பந்தயத் திடலில் ஒரு இயந்திரத்தைப் பழுதாக்குவான். அதை லாரியில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்து நான் தட்டி நிமிர்த்துவேன். அவன் முதல் கார் ஒரு பழைய கொரோலா. வாங்கிய வாரமே பட்டறைக்குக் கொண்டுவந்து, "சேகர், சைடு கண்ணாடி ரெண்டையும் கழட்டிரு" என்றான். எதற்கடா என்று கேட்டேன். "பின்னால பாத்தா பயம் வரும் லா. முன்னால போறவன் தெரிஞ்சா போதும்" என்றான். கழற்றினேன். எவரையும் முந்த வேண்டும் என்ற பதற்றம் இல்லாதவன் கண்ணாடியைக் கழற்றச் சொல்வானா என்று செல்வி பிரமிளா கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?

எலுமிச்சம்பழ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புது வண்டி வாங்கினால் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது நம் வழக்கம். ஊரில் எல்லோரும் ஒரு தடவை வைப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் வைத்தோம், ஏனென்றால் போன பந்தயத்துக்கும் இந்தப் பந்தயத்துக்கும் நடுவில் நான் கட்டி முடித்தது ஏறக்குறைய புது வண்டிதான். கொடி அசைந்த பிறகு பழம் நசுங்க வேண்டும் என்பது விதி. சுகுமாரனுக்குக் கொடி தெரிவதற்கு முன்பே பழம் நசுங்கிவிடும். முன்வரிசையில் எப்போதும் நிற்பவர் மீரா சாகிப். லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், அந்தக் காலத்தில் பந்தயத்தில் சிவப்பு எஸ்கார்ட் கார் ஓட்டியவர், பரம எதிரி, அதனாலேயே பரம சிநேகிதர். ஒருநாள் அவர் காரை விட்டு இறங்கி நேராக எங்களிடம் வந்தார். "எலுமிச்சம்பழத்த நசுக்கு, வேணாங்கல. என் பம்பர எதுக்குய்யா நசுக்குற?" என்று கேட்டார். சுகுமாரன் மிக மரியாதையாக, "அது குறுக்க வந்துச்சு பாய்" என்றான். நின்றுகொண்டிருந்த காரின் பம்பர் எப்படிக் குறுக்கே வரும் என்று இன்று வரை மீரா சாகிப்புக்கு விளங்கவில்லை.

திடலில்தான் அப்படி, தெருவில் பால்குடமாக இருந்திருப்பான் என்று தாங்கள் நினைக்கக்கூடும். அதே மீரா சாகிப்பின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் கார் ஓட்டியவன் சுகுமாரன். பெண் வீடு பாலிக் பூலாவில். நடுவில் மலைப்பாதை, எல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் கொம்பாங் மேளம் அடிக்கிறவர்களின் வேன் போக வேண்டும், பின்னால் சொந்தக்காரர்கள் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். முன்னால் ஒரு வண்டி போவதைச் சுகுமாரன் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வான்? இரண்டாவது வளைவிலேயே கொம்பாங் வேனை முந்திவிட்டான். பிறகு காய்கறி லாரியை முந்தினான். பிறகு, கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு போலீஸ் ஜீப்பை முந்தினான். பெண் வீட்டில் இன்னும் பந்தலுக்கு நாற்காலி போடவில்லை. மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார். இறங்கியதும் மீரா சாகிப் தேடியது பெண்ணை அல்ல, வாளியை. முக்கால் மணி நேரம் கழித்துக் கொம்பாங் வந்து சேர்ந்தபோது, சுகுமாரன் நாற்காலி அடுக்கிக்கொண்டே, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று அவர்களைக் கேட்டான்.

இனி, கொரோலாவுக்குப் பிறகு அவன் ஓட்டிய 'சாகா' காரின் கதை. பத்து தீகாவில் கடைசிச் சுற்று, கடைசி வளைவு. இரண்டு கார் போகிற இடத்தில் மூன்றாவதாக நுழைந்தான். கார் ஒருமுறை புரண்டு, கூரை கீழே சக்கரம் மேலே என்று அப்படியே சறுக்கிக்கொண்டு போய் முடிவுக் கோட்டைத் தாண்டியது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். குனிந்து பார்த்தால் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறான். "எத்தனாவது?" என்றான். மூணாவது என்றேன். "யாரு ரெண்டாவது?" என்றான். மீரா சாகிப் என்றேன். "சை" என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் மயங்கினான். இவன் பெயரில் சாலைப் பாதுகாப்புக் கோப்பை கொடுத்தால், வாங்குகிற அந்த வேன் ஓட்டுநர் பாவம், அவருக்கு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

படத்துக்குக் கீழே 'சுகுமாரன் தமது பச்சை நிறக் காருடன்' என்று போட்டிருக்கிறீர்கள். படம் கறுப்பு வெள்ளை. அதில் பச்சை எங்கிருந்து தெரிந்தது? அது கருநீலம் ஐயா. நான் என் கையால் கலந்து அடித்த கருநீலம். கதவை எத்தனை தடவை மாற்றினாலும் அதே நிறம் வர வேண்டும் என்பதற்காக, மூடி போட்ட மைலோ டின்னில் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பேன். அந்த டின் இன்னும் பட்டறையில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் செல்வி பிரமிளா வந்து பார்க்கலாம், தேநீரும் தருகிறேன்.

என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது அந்த 'நெருங்கிய நண்பர் ஒருவர்'தான். பால்குடமாம். சொட்டு சிந்தாதாம். சுகுமாரனுக்கு நெருங்கிய நண்பர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். நான் சொல்லவில்லை. ஆகவே திங்கட்கிழமை மதியம், கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் போய், மீன் தலைக்கறியை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்த மீரா சாகிப்பின் முன்னால் பத்திரிகையை விரித்து, "பாய், இத நீங்கதான சொன்னது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். "சேகர், என்னைப் பாத்து இப்படிக் கேக்கலாமா நீ? அவன் ஓட்டி ஒரு சொட்டு சிந்தலையா? என் கல்யாணத்தன்னைக்கு என்ன சிந்துச்சுன்னு அந்த வாளியப் போய்க் கேளு" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் பத்திரிகையை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "யாரோ முன்னபின்ன தெரியாதவன் சொன்னது சேகர் இது. அவன் வண்டியில ஒரு நாளும் ஏறாதவன்" என்றார். அந்த ஆசாமி மட்டும் என் கையில் கிடைத்தால், சாகா காரைப் போல அவனையும் கூரை மேல் நிறுத்திவிட்டுத்தான் மறு பேச்சு.

தாங்கள் கேட்கலாம், செத்துப்போனவனைப் பற்றி நல்லதாகத்தானே எழுதியிருக்கிறோம், உனக்கு என்னய்யா வலிக்கிறது என்று. வலிக்கிறது ஐயா. சுகுமாரன் எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போனான். அவன் வாழ்க்கையிலேயே மெதுவாகச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதுவும் அவனைக் கேட்டு நடக்கவில்லை. கடைசியில் பேச்சு நின்ற பிறகும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவன் வலது பாதம் போர்வைக்குள் அழுத்தும். ஆக்சிலேட்டர். நான் பார்த்தேன். அப்படிப்பட்டவனை, எவனும் முந்திப் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றவனாக ஆக்கிவிட்டீர்கள். அவன் நிதானமானவன் என்றால் இருபத்து மூன்று வருடம் நான் தட்டி நிமிர்த்தியது யாருடைய கதவை? என் முழங்கால் வலி யாருக்காக வந்தது? நீங்கள் கும்பிடச் சொல்லும் அந்தப் பண்பாளரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சுகுமாரன் இன்னொரு தடவை சாக நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே, சனிக்கிழமைக்குள் அதே பதினோராம் பக்கத்தில், அதே அளவு கட்டம் கட்டி, 'சுகுமாரன் ஒருநாளும் நிதானமாக ஓட்டியதில்லை' என்று மறுப்பு வெளியிட வேண்டும். நண்பர் என்று சொல்லிக்கொண்டு புளுகியவர் யார் என்று பெயர் போட வேண்டும். கோப்பைக்கு வேறு யாராவது நல்ல பண்பாளர் பெயரை வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அவன் மனைவி, என் உடன்பிறவாத் தங்கை ஜெகதீஸ்வரியும் இதற்கு ஒப்புக்கொள்வார். நாளைக் காலை பாயான் பாருவில் அவர் வீட்டுக்குப் போய், இந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தபாலில் சேர்க்கிறேன்.

செல்வி பிரமிளா சின்னப் பெண், அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்து, தாங்களும் நீண்ட ஆயுளோடும் பிழையில்லாத அச்சோடும் பல்லாண்டு விளங்க வாழ்த்தி முடிக்கும்,

தங்கள் உண்மையுள்ள,
சந்திரசேகரன்
(சுகுமாரனின் மெக்கானிக்)

பி.கு. இன்று புதன்கிழமை. ஜெகதீஸ்வரியின் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பி வந்தேன். தங்கச்சி கடிதம் முழுவதையும் படித்தது. வாளி வந்த இடத்தில் சிரித்தது. பாதம் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டது. பிறகு, கையெழுத்துப் போடாமல் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, அதிலிருந்து பழுத்துப்போன ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்தது. தைப்பிங்கில் இருந்த தன் அண்ணனுக்கு, முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் ஜெகதீஸ்வரியின் அப்பா எழுதியது. அதில் இப்படி இருந்தது: 'பையன் காரில் பந்தயம் விடுகிறானாம். பயந்துபோய், அவன் வண்டியைப் பார்க்கும் பட்டறையிலேயே நேரில் விசாரித்தேன். பட்டறைக்காரர், அவன் நெருங்கிய நண்பர், சத்தியம் பண்ணிச் சொல்கிறார். தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவரைப் போலத்தான் பையன் ஓட்டுவானாம், ஒரு சொட்டு சிந்தாதாம். ஆகவே பெண்ணைக் கொடுக்கத் தீர்மானித்துவிட்டேன்.'

கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். குடையோடு வந்த அந்த மனிதர் நினைவுக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பட்டறையில் நின்ற கொரோலாவுக்கு முன்பக்கமே இல்லை. அவசரமாகக் கித்தானைப் போட்டு மூடி, கருநீலக் கார், மறுபடி சாயம் அடிப்பதற்காக நிற்கிறது என்று சொன்னதும் நான்தான். பெண் வீட்டார் விசாரித்து வந்தால் வேறு என்னதான் சொல்வது? ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணி வை என்பார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், அதுவும் மறந்துபோய்விட்டது. அது இத்தனை வருடம் ஓடிவந்து தங்கள் பத்திரிகையில் நின்றிருக்கிறது.

"உனக்கு எப்பத் தங்கச்சி இது பொய்னு தெரிஞ்சது?" என்று கேட்டேன். "தாலி கட்டின மூணாவது நாளு, ஃபெரிக்கு லேட்டாயிருச்சுன்னு என்னை உக்கார வச்சு ஓட்டுனாரே, அன்னைக்கே தெரியும் அண்ணே. நீங்க உண்மைய சொல்லியிருந்தா எங்கப்பா என்னை ஈப்போவுல ஒரு ஆபீஸ் கிராணிக்குக் கட்டி வச்சிருப்பாரு. அதான் அந்தப் பொண்ணு வந்து அவரப் பத்திக் கேட்டப்ப, என்கிட்ட இருக்குறதுலயே எனக்குப் பிடிச்ச வார்த்தையா எடுத்துக் கொடுத்தேன்" என்றது. பிறகு, "ஞாயித்துக்கெழமை கோப்பைய நீங்கதான் அண்ணே எடுத்துக் கொடுக்கணும், சட்டைய அயர்ன் பண்ணி வைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டது.

ஆகவே, ஆசிரியர் ஐயா, மேலே எழுதிய எதையும் வெளியிட வேண்டாம். பால்குடம் அப்படியே இருக்கட்டும். அந்த நெருங்கிய நண்பரின் பெயரையும் தயவுசெய்து போட வேண்டாம், மீரா சாகிப் கடையில் நான் இன்னும் சாப்பிட வேண்டியிருக்கிறது. கார் மட்டும் கருநீலம். அதைத் திருத்திப் போடுங்கள், அன்றைக்கு அந்தக் குடைக்காரரிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.