தேதியிட்ட செம்பருத்திகள்

மலர்களுக்காகத் தன் வாழ்நாளையே ஒப்புக்கொடுத்த உயிர்கள் இப்பூவுலகில் இரண்டே இரண்டுதான். ஒன்று தேனீ. மற்றொன்று எங்கள் தோட்ட மக்கள் நலச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர், திரு. தர்மலிங்கம் அவர்கள். தேனீயாவது ஒரு சொட்டுத் தேன் கொடுக்குமே என்று சிலர் முணுமுணுக்கலாம். அவர்கள் கலை அறியாதவர்கள்.

தலைவருக்கு வீடு சுங்கைப் பட்டாணியில். இரண்டு மாடி. முற்றம் முழுக்க சிமெண்ட்; மண் இருந்தால் காடி டயர் அழுக்காகுமாம். ஆகவே இயற்கையை நேசிப்பதற்காக அவர் தினமும் காலை ஏழு மணிக்குத் திகாம் பத்து ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வருவார். ரப்பர் போய், செம்பனை போய், நிர்வாகமும் போய், பதினெட்டுக் குடும்பங்கள் மட்டும் மிஞ்சிய லயம். வீட்டுக்கு வீடு வாசலில் செடி உண்டு, சாமிக்குப் பூ வேண்டுமே. எங்கள் வீட்டுச் செம்பருத்தி கூரையைத் தொட்டு நின்றது. தலைவரின் கலைவாழ்வு அதன் அடியில்தான் தொடங்கிற்று.

மூன்று வருடம். ஒரு நாள் தவறவில்லை. மழை, காய்ச்சல், தீபாவளி, சங்கப் பொதுக்கூட்டம் எதுவும் அவரைத் தடுக்க முடியவில்லை. பொதுக்கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. சங்கக் குறிப்பேட்டில் இந்த வருகை "தலைவரின் அன்றாடக் களப்பணி" என்று பதிவாகியிருக்கிறது. பதிவு செய்தது நான்தான். லயத்தின் முதல் பட்டதாரி நான். பகலெல்லாம் கூலிம் ஊர்த் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்குக் கீழே பழுது தேடுவது என் உத்தியோகம். பட்டம் வாங்கிய வாரமே தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, அதே கையோடு சங்கச் செயலாளர் ஆக்கி, எழுதும் வேலை அத்தனையும் என் தலையில் கட்டினார். கல்விக்கு அவர் காட்டிய மரியாதை இன்னும் என் விரல்களில் வலிக்கிறது.

கலைக்குக் கட்டுப்பாடு முக்கியம். என் அம்மா மருதம்மாள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்ப்பவள். காலையில் பூப் பறித்துச் சாமிக்கு வைத்துவிட்டு ஏழே காலுக்கு வேன் ஏற வேண்டும். அவளுக்குக் கலையைக் கற்பிக்கும் பொறுப்பையும் தலைவரே ஏற்றார்.

"மருதம்மா, கை வைக்காத! கை வைக்காத! வெளிச்சம் இன்னும் வரல."

"சாமிக்குங்க தலைவரே. வேன் வந்துரும்."

"சாமி எங்கயும் ஓடிறாது. வெளிச்சம்தான் ஓடிரும். அந்தக் கிளையப் புடி, ஆடுது பாரு. மூஞ்ச உள்ள இழுத்துக்க."

அம்மா முகத்தை இலைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு கிளையைப் பிடித்தாள். தலைவர் தெளிப்பானை எடுத்து, எங்கள் தொட்டித் தண்ணீரை நிரப்பி, பூவின் மேல் "பனித்துளி" உண்டாக்கினார். லயத்துக்குத் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும். பனித்துளி தினமும் வந்தது.

"கொடியில காயுற கைலிய எடுத்துரு. அசிங்கமா வருது."

"இன்னும் ஈரமா இருக்குங்க."

"ஈரத்தோடயே எடுத்துக்கிட்டுப் போ."

எடுத்த படம் உடனே வாட்ஸ்அப்பில், சங்கத்தின் புலனக் குழுவில் ஏறும். ஒருமுறை நான் குழுவில் எழுதினேன்: "குழாய் உடைந்து மூன்று நாள் ஆகிறது. புகார்க் கடிதம் தயார். தலைவரின் கையெழுத்து மட்டும் வேண்டும்." ஏழு நாற்பதுக்குப் பதில் வந்தது. ஒரு செம்பருத்தி, மிக நெருக்கத்தில். கீழே, "புன்னகை பூக்கட்டும் இந்நாள்!" அறுபத்திரண்டு பேர் கைகூப்பினார்கள். பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி அண்ணன் மட்டும், "பூவுக்கு மட்டும் தண்ணி எங்கேர்ந்து வருது தலைவரே?" என்று கேட்டுவிட்டு, "எதிர்மறைச் சிந்தனையைப் பரப்பிய" குற்றத்துக்காக ஒரு வாரம் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். கையெழுத்து வரவில்லை. குழாயைப் பரஞ்சோதி அண்ணனே சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டினார்.

பிறகுதான் நில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நிலத்தைப் புதிதாக வாங்கிய நிறுவனம், லயம் பல வருடமாகக் காலியாகக் கிடந்தது, இப்போது இருப்பவர்கள் மாற்று வீடு கிடைக்கும் என்று போன வருடம் வந்து புகுந்தவர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தது. என் தாத்தாவின் தகப்பனார் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த தோட்டத்தில் நாங்கள் போன வருடம் வந்து புகுந்தவர்கள்! மூன்று வருடமாக இங்கேயே குடியிருந்ததை நில அலுவலக விசாரணையில் நிரூபித்தால் மாற்று வீடு. இல்லையென்றால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும்.

எதை வைத்து நிரூபிப்பது? ஐசி என்கிற அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் இருந்தது, வீட்டு எண் இல்லை. லயம் முழுவதற்கும் ஒரே மின்மீட்டர், அதுவும் பழைய நிர்வாகத்தின் பெயரில். தேதி தெரியும் படங்கள் இருந்தால் போதும் என்றார்கள். எங்களிடம் படத்துக்கா பஞ்சம்? கல்யாண மண்டபத்தில், தீமிதியில், பினாங்குக் கடற்கரையில் என்று ஆயிரம் படம். சொந்த வீட்டை மட்டும் யாரும் எடுத்ததில்லை. துருப்பிடித்த தகரத்தை யார் எடுப்பார்கள்? பட்டமளிப்பு அன்று நானே அங்கியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, சுங்கைப் பட்டாணி ஸ்டூடியோவுக்குப் போய், திரையில் வரைந்த நூலகத்தின் முன்னால் நின்றவள்தான்.

கோயில் கொட்டகையில் அவசரக் கூட்டம். எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பரஞ்சோதி அண்ணன் துள்ளி எழுந்தார்.

"அட, நம்ம தலைவர்கிட்ட இருக்கே லா! மூணு வருசம்! நாள் தவறாம! தேதி போட்டு! எங்க வாசல், ஒங்க வாசல், எல்லா வாசலும்!"

கொட்டகையே கைதட்டியது. நான் மட்டும் கேட்டேன். "தலைவரே, குழுவுல வர்ற படத்துல பூ மட்டும்தானே இருக்கு? வீடு தெரியலையே."

"அது குழுவுக்காகச் சின்னதா வெட்டுனது மா. முழுப் படம் என்கிட்ட பத்திரமா இருக்கு."

"வீடு இருக்கா அதுல?"

"லோகா, நீ படிச்ச புள்ள. வீட்டு வாசல்ல எடுத்த படத்துல வீடு இல்லாம எங்க போகும்?"

படித்த பிள்ளை அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தலைவர் எழுந்தார். "பூப் பைத்தியம் என்று என்னை எள்ளினார்கள். இன்று அந்தப் பூக்களே உங்களுக்குக் கூரை போடும்!" அம்மா எங்கள் செம்பருத்தியையே மாலையாகக் கட்டி அவருக்குப் போட்டாள். மாலை வாடுவதற்குள் அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் தலைவர் கோட்டு அணிந்து வந்தார். பளபளக்கும் தாளில் தடித்த ஆல்பம். எல்லாப் பக்கத்திலும் தேதி. நில அலுவலக அதிகாரி என்சிக் கைருல் நிதானமாகப் புரட்டினார். ஒவ்வொரு பூவையும் மரியாதையோடு பார்த்தார். இருபது பக்கம் போனதும் நிமிர்ந்தார்.

"பூ ரொம்ப அழகு. ருமா மானா? வீடு எங்கே?"

"பின்னால மங்கலா சாம்பல் நிறத்துல தெரியுதே, அதுதான் என்சிக்," என்றார் தலைவர். "புதுப் போன். பின்னணிய அதுவே மங்கலாக்கிரும்."

"ஆட்கள்?"

"அழிச்சிட்டேன்."

அவர் குரலில் இருந்த பெருமிதத்தை நான் கூட்டிச் சொல்லவில்லை. அதிகாரிக்குப் புரியவில்லை என்று நினைத்து, அன்று காலை எடுத்த படத்தைக் கைப்பேசியில் திறந்து செய்தும் காட்டினார். பூவுக்குப் பின்னால் மங்கலாகக் கடைசி வீட்டு ராக்காயி அக்கா பைப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். தலைவர் விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். ராக்காயி அக்கா போய்விட்டார். இன்னொரு தேய்ப்பு. பைப்படி போயிற்று.

"சேவ் பண்ணா பழசு தானா போயிரும். போன்ல எடம் வேணுமில்ல?"

மூன்றாவது வரிசை நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த ராக்காயி அக்கா எழுந்துவிட்டார். "அடப்பாவி! என்னைய எங்கடா தள்ளுன?"

"தள்ளல அக்கா. சுத்தம் பண்ணேன்."

அதிகாரி நல்ல மனிதர். மீண்டும் முதலிலிருந்து புரட்டினார். ஒரு பக்கத்தில் கிளையைப் பற்றியிருந்த இரண்டு விரல்கள் தெரிந்தன. "இது யார்?"

"என் கைங்க," என்றாள் அம்மா. "நான்தான் புடிச்சிருந்தேன்."

விரல்களுக்கு வீட்டு எண் இல்லை. தலைவர் அம்மாவின் பக்கம் குனிந்து ஆறுதலாகச் சொன்னார்: "அதையும் அழிச்சிருப்பேன் மா. அழிச்சா கிளை அந்தரத்துல நிக்கும். பார்க்க நல்லா இருக்காது."

நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தவர் அந்த ஆல்பத்தில் தமக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று பணிவோடு கேட்டார். தலைவர் வாழ்வில் முதல் ரசிகர். "அன்புடன்" என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கையெழுத்து. அழகாகத்தான் இருந்தது.

முடிவு கடிதமாக வந்தது. சங்கத் தலைவரே மூன்றாண்டுகளாக நாள்தோறும் எடுத்த படங்களில் மனிதர் வசித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

முப்பதாம் நாள் விடியுமுன்னே அம்மா எழுந்து செம்பருத்தி முழுவதையும் பறித்தாள். பூ, மொட்டு, ஒன்றுகூட விடவில்லை. லயத்துப் பெண்கள் எல்லோரும் அவரவர் செடியை அப்படியே செய்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஏழு மணிக்குப் புல்டோசர் வந்தது. அதன் பின்னாலேயே தலைவரின் காடியும் வந்தது.

"மருதம்மா! பூவெல்லாம் எங்க?"

"சாமிக்குங்க தலைவரே."

"ஒண்ணுகூடவா விடல? மொட்டையும் பறிச்சிருக்கியே! இன்னிக்கு நான் குழுவுல எதப் போடுவேன்?" அவர் வெற்றுச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து இலை இலையாக விலக்கிப் பார்த்தார். "கொஞ்சமாச்சும் ஈவிரக்கம் இருக்கா ஒங்களுக்கெல்லாம்?"

அவருக்குப் பின்னால் ராக்காயி அக்காவின் அடுப்படி சரிந்தது. சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை.

அப்போதுதான் நான் என் வீட்டை முதன்முறையாகப் படம் எடுத்தேன். எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. தகரக் கூரை, புல்டோசர், கொடியில் ஈரக் கைலி, மடி நிறையப் பூவோடு அம்மா. நடுவில் தலைவர் செடிக்குள் தலையை விட்டுக் குனிந்து நிற்கிறார். கலைத்தரம் கருதி அவரை அழித்துவிடலாம். ஒரு விரல் போதும். நான் அழிக்கவில்லை. இந்த வீட்டை யார் இடித்தது என்று நாளைக்கு யாராவது தேதியோடு ஆதாரம் கேட்டால், காட்ட வேண்டுமல்லவா?